மதத்தைப் பாடமாகப் படிப்பது: எந்தக் கேள்விக்கு எந்த வகுப்பறை

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதம் 12 சூத்திரம், 40 வரி. முதல் சூத்திரம் மூன்றே வரிதான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஒடுங்கியது தானாக மீண்டும் எழாது. ஆகவே ஒடுக்கியவன் எவனோ அவனே மறுபடி தோற்றுவிக்கும் முதல்வன் என்பது அதன் சாரம். இந்த மூன்று வரியையே நான்கு இடங்களில் நான்கு விதமாகப் படிக்கலாம்.

தத்துவ வகுப்பில் இது ஒரு வாதம். "தோன்றிய பொருளுக்குக் காரணம் உண்டு" என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்தக் காரணம் ஒன்றேதான், அதற்கு அறிவு உண்டு என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறோம் என்று ஆசிரியர் கேட்பார். தர்க்கத்தை வளர்த்த நியாய மரபினர் இதே வாதத்தை எப்படிக் கட்டினார்கள், பௌத்தரும் வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகரும் அதை எப்படி உடைக்கப் பார்த்தார்கள், ஐரோப்பாவில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் எந்த வழியில் போனார் என்று பேச்சு நீளும். சைவ சித்தாந்தத் துறையில் அதே வரிகள் மேற்கோள் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பிரியும். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய உரையோடு சொல்லுக்குச் சொல் நிறுத்திப் படிப்பார்கள். வரலாற்று நோக்கில் படிப்பவர் வேறு இடத்தைத் தொடுவார்: மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் செய்த நூலா, ரௌரவம் என்ற சைவ ஆகமத்தின் வடமொழிச் சூத்திரங்களிலிருந்து வந்ததா, அந்த வழக்கு ஏன் இத்தனை காலம் ஓயவில்லை, அதில் யாருக்கு என்ன பங்கு? ஆதீனத்து (சைவ மடத்து)ப் பயிற்சி வகுப்பிலோ சூத்திரம் முதலில் மனப்பாடமாக வேண்டும். பொருள் பின்னால் வரும். வாழ்க்கையில் கடைப்பிடிப்பது அதற்கும் பின்னால் வரும்.

நான்கும் மதக் கல்விதான். ஆனால் ஒன்றில் சேரவேண்டியவர் இன்னொன்றில் சேர்ந்துவிட்டால் இரண்டு ஆண்டோ நான்கு ஆண்டோ வீண்போனதாகத் தோன்றும். "மதம் படிக்கலாமா, வேண்டாமா" என்று மொத்தமாகக் கேட்பதால்தான் இந்தக் குழப்பம். கேட்கவேண்டியது, நான் எந்தக் கேள்வியோடு போகிறேன் என்பதை. இது உண்மையா என்பது ஒரு கேள்வி. மனிதர்கள் ஏன் இப்படி நம்புகிறார்கள், இந்த நம்பிக்கை எப்படி உருவானது என்பது இன்னொன்று. என் மரபை நான் ஆழமாகக் கற்று அதற்குப் பணிசெய்ய வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவது தத்துவத் துறைக்கும், இரண்டாவது வரலாறு, சமூகவியல், ஒப்பியல் பக்கமும், மூன்றாவது இறையியல் கல்லூரி, அரபிக் கல்லூரி, மடம் ஆகியவற்றுக்கும் போகும். பல்கலைக்கழகத்தின் சமயத் துறைகள் இவற்றின் நடுவில் நிற்கின்றன. அதனால்தான் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. பல கல்லூரிகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கும் நன்னெறி வகுப்பையும் வேத வகுப்பையும் மதக் கல்வி என்று எண்ணிக்கொண்டு, "அதுதானே, தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்ற நிறுவனங்களிலும் விருப்பமில்லாதவரைப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்பதை உச்சநீதிமன்றம் அருணா ராய் வழக்கில் 2002இல் ஏற்றுக்கொண்டது. அரசுப் பல்கலைக்கழகம் சைவத்துக்கும் வைணவத்துக்கும் கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் துறை வைத்திருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. இதற்கு வேர் இன்னும் பழையது. 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் சமயப் பெரியோரின் வாழ்க்கை, இரண்டாம் ஆண்டில் பல சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள் என்று எல்லா மாணவருக்கும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நாடெங்கும் நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்று இந்தப் படிப்பு இவ்வளவு விலகி நிற்காது.

பல்கலைக்கழகத் துறை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் சமயச் சிந்தனையும் ஒரே புலத்தின் கீழ் வருகின்றன: ராதாகிருஷ்ணன் பெயரிலான தத்துவ உயராய்வு நிறுவனம், சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவ ஆய்வுகள், நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரிலான இஸ்லாமிய ஆய்வு மையம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சமயங்களுக்கும் தத்துவத்துக்கும் தனிப் புலம் உண்டு. வட இந்தியாவில் பாட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1967இலேயே சமய ஆய்வுக்கென்று ஒரு துறையைத் தொடங்கிவிட்டது.

எம்.ஏ. இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பெரும்பாலும் எந்த இளங்கலைப் பட்டமும் போதும். பொறியியல் முடித்தவரும் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது இந்தத் துறைகளில் சாதாரணம். வகுப்பு சிறிதாக இருக்கும். அது பெரிய நன்மை. ஆசிரியரோடு ஒரு பாடலை ஒரு மணி நேரம் பிரித்துப் படிக்கும் வாய்ப்பு அறுபது பேர் உள்ள வகுப்பில் கிடைக்காது.

குறை எங்கே வருகிறது? முதலில் பட்டத்தின் பெயரில். "சைவ சித்தாந்தத்தில் எம்.ஏ." என்று சான்றிதழில் இருக்கும், உதவிப் பேராசிரியர் பணி அறிவிப்பில் "தத்துவம்" என்று இருக்கும். இரண்டும் இணை என்று அரசாணையோ பல்கலைக்கழகத்தின் இணைச் சான்றோ கையில் இல்லையென்றால் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். இதைப் படித்து முடித்தபின் தேடுவது தவறு. சேரும்போதே துறைத் தலைவரிடம் கேட்டு, எழுத்து வடிவில் வாங்கிவைக்க வேண்டும்.

இரண்டாவது குறை, ஒரு சமயத்துக்குள்ளேயே அடங்கிவிடுவது. வைணவத் துறையில் படிப்பவர் ராமானுஜரை நன்றாக அறிவார். ராமானுஜர் எதிர்த்து வாதிட்ட அத்வைதத்தை ராமானுஜரின் வாதத்தின் வழியாக மட்டுமே அறிந்திருப்பார். எதிர்த்தரப்பை அதன் சொந்த நூலில் படிக்காதவரின் ஆய்வு பாதியில்தான் நிற்கும். பக்கத்துத் துறையின் விருப்பப் பாடத்தை ஒரு பருவத்துக்கு ஒன்றாவது எடுத்தால் இது சரியாகும். ஒரே புலத்தில் ஆறு துறை இருப்பதன் பயனே அதுதான்.

மூன்றாவது, எம்.ஏ. ஆய்வேட்டுத் தலைப்பு. தன் குடும்பம் வழிபடும் மகானைப் பற்றி எழுத நினைப்பது இயல்பு. ஆனால் கையில் இருப்பது மடம் வெளியிட்ட தலவரலாறும் பக்தர்கள் எழுதிய நூல்களும் மட்டும் என்றால், அது ஆய்வாக எழாது, புகழுரையாகத்தான் முடியும். கல்வெட்டு, ஓலை, நீதிமன்றத் தீர்ப்பு, நேர்காணல் என்று குறைந்தது இரண்டு வகைச் சான்று கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே தலைப்பைப் பதிவுசெய்ய வேண்டும்.

தத்துவ வழி

இளங்கலையிலேயே தத்துவம் படிக்கத் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளே இடம் தருகின்றன. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி அவற்றில் தெரிந்த பெயர்கள். இந்த வழியின் பலம், பட்டத்தின் பெயர் எங்கும் செல்லும் என்பது. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் தத்துவம் உண்டு, மதம் தனிப் பாடமாக இல்லை. ஆனால் தத்துவத்தின் இரண்டாம் தாளில் பாதி, சமயத் தத்துவம்தான்: கடவுள் கருத்து, கடவுளுக்கான நிரூபணங்கள், தீமை ஏன் இருக்கிறது என்ற சிக்கல், ஆன்மா, பகுத்தறிவும் வெளிப்பாடும், கடவுள் இல்லாத சமயம், சமயப் பன்மை, சமய மொழியின் தன்மை. ஒரு தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று ஆண்டு வகுப்பில் சண்டைபோட்டுப் படித்ததை அப்படியே கொண்டுபோகலாம்.

இதன் பலவீனம், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் வகுப்புக்குள் வராமலே போய்விடக்கூடும் என்பது. ஆடி மாதக் கூழ் ஊற்றுவதைப் பற்றியோ நாகூர் கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் போவதைப் பற்றியோ தத்துவ வகுப்பு அதிகம் பேசாது. மக்கள் வாழும் மதம் உங்களை ஈர்த்தால், வரலாறு, மானிடவியல், நாட்டாரியல் பக்கம் போவதே நல்லது. அங்கே களப்பணி கற்பிப்பார்கள்: யாரிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிப் பதிவது, கருவறைக்குள் அனுமதி இல்லாதபோது என்ன செய்வது என்பதெல்லாம்.

இறையியல் கல்லூரியும் அரபிக் கல்லூரியும்

இவை அந்தந்த மரபுக்குள்ளிருந்து, அந்த மரபின் பணிக்காக ஆள் உருவாக்கும் இடங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் இவை தரும் பயிற்சிக்கு ஈடு வேறெங்கும் இல்லை.

புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளின் இறையியல் கல்லூரிகள் பலவும், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் ஆட்சிமன்றத்தோடு இணைந்தவை. வங்காளத்தில் வில்லியம் கேரியும் தோழர்களும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் 1827இல் பட்டம் வழங்கும் உரிமை தந்தார். 1918ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதிசெய்தது. பி.டி. எனப்படும் இறையியல் இளவல் பட்டம் பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழிக் கல்விக்குப் பெயர்பெற்றது. எபிரேயம், கிரேக்கம், பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு ஆகியவற்றோடு பிற சமயங்களும் பாடத்தில் உண்டு. சேருவதற்குப் பொதுவாகத் திருச்சபையின் பரிந்துரை தேவை. அதில்லாமல் சொந்த முயற்சியில் சேர்பவர்கள், பட்டம் வாங்கியதும் குருவானவராக அருட்பொழிவு கிடைத்துவிடும் என்று எண்ணினால் ஏமாறுவார்கள். பட்டம் கல்லூரி தருவது, அருட்பொழிவு பேராயத்தின் முடிவு. பி.டி.யை வைத்து வேறு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேரலாமா என்பதையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரபிக் கல்லூரியில் ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) படிப்பு பொதுவாக ஏழாண்டு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் முடித்தவர் பெயருக்குப் பின் "பாகவி" என்றும், சென்னை ஜமாலிய்யாவில் முடித்தவர் "ஜமாலி" என்றும் வரும். அந்த ஒரு சொல் போதும், ஊர் ஜமாஅத்துக்கு அவர் எந்தப் பட்டறையில் உருவானவர் என்று தெரிந்துவிடும். அரபு இலக்கணம், குர்ஆன் விரிவுரை, ஹதீஸ், சட்டவியல் என்று படிப்பு கடினமானது. நடக்கும் பெரிய தவறு, பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வருவது. ஏழாண்டு கழித்து இருபது வயது தாண்டியபின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் எழுதவைக்கும் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கதவு மூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்சலுல் உலமா என்ற அரபுத் தேர்வு இந்த இரண்டு உலகத்தையும் இணைக்கும் பழைய பாலம். கேட்டுப் பார்ப்பது நல்லது.

வேலையில் இருந்துகொண்டு சைவத்தை மட்டும் முறையாகக் கற்க விரும்புபவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் இரண்டாண்டு சைவ சித்தாந்தப் பயிற்சி போதும். வகுப்பு விடுமுறை நாளில்தான். பணிக்கான பட்டமாக அதை எண்ணக் கூடாது, அறிவுக்கு மட்டும்.

சம்பளம் பற்றி

மதப் படிப்பு நேராக ஒரு வேலையில் கொண்டுபோய் விடாது. இதை மறைத்துச் சொல்லும் சேர்க்கை விளம்பரங்கள் மாணவருக்குத் தீங்கு செய்கின்றன. கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (தேசிய, மாநில அளவிலான தகுதித் தேர்வுகள்), இல்லையேல் பிஎச்.டி. வேண்டும். நெட் தேர்வில் ஒப்பியல் சமயக் கல்வி, தத்துவம், அரபுப் பண்பாடும் இஸ்லாமியக் கல்வியும், பௌத்த–சமண–காந்திய–அமைதிக் கல்வி, இந்து கல்வி என்று ஐந்து பாடங்கள் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. எழுதுவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 50. நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்குப் பொது வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. எம்.ஏ. முடித்துச் சில ஆண்டு வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த முப்பதை முதலில் கணக்கில் வைக்கவேண்டும்.

இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் சைவ, வைணவ சமயங்களைப் பற்றிய தாள் தனியாக இருக்கிறது. அந்தத் தாளுக்கு எம்.ஏ. தேவையில்லை, ஆனால் படித்தவருக்கு அது லேசாக இருக்கும். இதழியல், பதிப்பு, மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் மதம் படித்தவருக்கு இடம் உண்டு. அங்கே எடுபடுவது பட்டத்தைவிட, அவர் கையில் உள்ள மொழி.

பள்ளி ஆசிரியர் ஆவது தமிழ்நாட்டில் கடினம், ஏனெனில் மதம் இங்கே பள்ளிப் பாடம் இல்லை. இலங்கையில் கணக்கு தலைகீழ். அங்கே க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்) சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். உயர்தரத்தில் இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் எல்லாம் எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகமோ, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கையோ முடித்தவருக்கு ஆசிரியத் தொழில் என்ற நேர் பாதை உண்டு. ஆகவே இலங்கை மாணவருக்கு இளங்கலையிலேயே மதத்தை எடுக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டு மாணவருக்கு எங்கள் யோசனை வேறு: இளங்கலையில் தமிழ், வரலாறு, தத்துவம் என்று வேரூன்றிய ஒரு பாடம், கூடவே ஒரு மூலமொழி, முதுகலையில் மதம். பாதை மாறவேண்டி வந்தாலும் முதல் பட்டம் கைகொடுக்கும்.

மொழிதான் முதல்

எந்த வழியில் போனாலும் இறுதியில் ஆளை உயர்த்துவதும் வீழ்த்துவதும் மொழி. சைவ ஆகமம் என்றால் சமஸ்கிருதமும் அதைத் தென்னாட்டில் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும், பௌத்தம் என்றால் பாலி, சமணம் என்றால் பிராகிருதம், இஸ்லாம் என்றால் அரபு, விவிலியம் என்றால் எபிரேயமும் கிரேக்கமும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பை மையமாகக் கொண்ட ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பகுதி வடமொழி, கிரந்தம் வாசிக்கத் தெரிந்தால்தான் உள்ளே நுழையலாம். சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு கருவூலம் இருக்க, எழுத்து தெரியாமல் வெளியிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பைப் புரட்டுவது வருத்தமான காட்சி. எழுத்துப் பழக நாளுக்கு அரை மணி நேரம் வைத்தால் இரண்டு மூன்று மாதம், இலக்கணத்துக்கு ஆண்டுகள். அதனால் முதல் பருவத்திலேயே தொடங்கவேண்டும். மூன்றாம் பருவத்தில் ஆய்வேடு நெருக்கும்போது தொடங்கியவர் கைவிட்டுவிடுவார்.

தமிழ் படித்தவருக்கு ஒரு பெரும் சலுகை உண்டு, அதைப் பலர் உணர்வதில்லை. திருமுறை, திவ்வியப் பிரபந்தம், மணிமேகலை, நீலகேசி, சீறாப்புராணம், தேம்பாவணி என்று சைவம், வைணவம், பௌத்தம், சமணம், இஸ்லாம், கிறித்தவம் ஆறுக்கும் பெரிய மூலநூல் ஒரே மொழியில் இருக்கிறது. மணிமேகலையின் 27ஆவது காதையில் அவள் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்கிறாள். முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்கிறாள். ஒப்பியல் வகுப்பின் முதல் பயிற்சியாக அந்தக் காதையை வைத்தால் தகும்.

கட்டணம் கட்டுவதற்கு முன்

பாடத்திட்டத்தை வாங்கி, மூலநூல் படிக்கும் தாள் எத்தனை, "அறிமுகம்" என்று தொடங்கும் தாள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்கு பருவத்தில் மூலநூல் தாள் மூன்றுக்குக் குறைந்தால் யோசிக்கவேண்டும். மொழி வகுப்பு அந்தத் துறையிலேயே நடக்கிறதா, வேறு துறைக்கு ஓடவேண்டுமா, நேரம் மோதாதா என்று கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டின் ஆய்வேட்டுத் தலைப்புகளைத் துறை நூலகத்தில் பாருங்கள். ஒரே மாதிரித் தலைப்புகள் திரும்பத் திரும்ப வந்தால் வழிகாட்டும் ஆசிரியர்கள் குறைவு என்று பொருள். பட்ட இணைச் சான்றைப் பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

பிறகு, அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். ஆசிரியர் தமக்கு உவப்பில்லாத ஒரு கொள்கையை விளக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கொள்கைக்காரர் அங்கே இருந்திருந்தால், "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஆசிரியர் விளக்கினால், அந்தத் துறையில் சேரலாம்.